அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரின் முடிவை எடைபோடுவது எப்படி? சென்னை ரசிகர்களுக்கு ஒரு பருவகால வழிகாட்டி

சென்னையில் அமெரிக்கக் கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்றாலும், பார்க்கிறவர்கள் ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள். ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் அமெரிக்க நேரத்துக்குப் பணிபுரிகிறவர்கள், டல்லாஸிலோ சிகாகோவிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், பிள்ளைகள் அங்கே குடியேறிவிட்டதால் அந்த ஊர் அணியையே தம் அணியாக வரித்துக்கொண்ட பெற்றோர்கள் எனப் பலரும் இதில் உண்டு. ஆனால் இவர்கள் கூடிப் பேசும்போது, வென்றால் "கோச் கில்லாடி" என்பதோடும், தோற்றால் "முதலில் அந்தக் கோச்சைத் தூக்க வேண்டும்" என்பதோடும் பேச்சு முடிந்துவிடுகிறது. இது பெரிய இழப்பு. ஒரு நகர்வு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் 40 விநாடி அவகாசம் தரும் இந்த விளையாட்டில், பயிற்சியாளரின் சிந்தனை ஒவ்வொரு நகர்விலும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பேசாமல் விட்டால் ஆட்டத்தில் பாதியைப் பார்க்காமல் விட்டதாகும்.

இந்த வழிகாட்டி வலியுறுத்துவது ஒன்றைத்தான். பயிற்சியாளர் எடுத்த முடிவை, அது எப்படி முடிந்தது என்பதைக் கொண்டு எடைபோடக் கூடாது. முடிவெடுத்த நொடியில் அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்பதைக் கொண்டே எடைபோட வேண்டும். கீழே வருவதெல்லாம் இதை ஒரு பருவம் முழுக்க எப்படிக் கடைப்பிடிப்பது என்பதைப் பற்றியது.

முதலில் நேரம்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல். பருவம் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜனவரித் தொடக்கம் வரை 18 வாரங்கள் நடக்கிறது. 32 அணிகளும் தலா 17 ஆட்டங்கள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் ஒரு வாரம் ஓய்வு. அதன்பின் 14 அணிகள் தோற்றால் வெளியேறும் பிளேஆஃப் சுற்றுக்குச் செல்கின்றன, பிப்ரவரியில் இறுதியாட்டமான சூப்பர் பௌல். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு பகல் 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 10.30-க்கு வரும். அடுத்த சுற்று ஆட்டங்கள் நள்ளிரவு தாண்டி 1.30-லிருந்து 2 மணிக்குள்ளும், ஞாயிறு இரவு ஆட்டம் திங்கள் காலை 5.50-க்கும் தொடங்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதால், அதன்பின் எல்லாமே நமக்கு ஒரு மணி நேரம் தாமதமாகும். அக்டோபரில் லண்டனில் நடக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் நம் இரவு 7 மணிக்கு வருவதால், புதியவர் ஒருவரை உடன் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க அவற்றைவிட வசதியானவை கிடையா.

எல்லாவற்றையும் நேரலையில் பார்க்க முயல வேண்டாம்; திங்கட்கிழமை வேலையும் கெடும், பேச்சும் கெடும். வாரத்துக்கு ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பார்ப்பது, அரைத்தூக்கத்தில் நான்கு ஆட்டங்களைப் பார்ப்பதைவிட மேலானது. 2023 முதல் வெளிநாட்டு ரசிகர்களுக்கான கேம் பாஸ் சேவை டாஸோன் தளத்தின் வழியாக வருகிறது. இடைவெளிகளையெல்லாம் வெட்டிச் சுருக்கிய மறுஒளிபரப்பை அதில் முக்கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். ஆனால் பயிற்சியாளரைப் பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்கு அந்தச் சுருக்கம் போதாது. வெட்டப்பட்ட அந்த இடைவெளிகளில்தான் அவர் டைம் அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் இடைவேளை) கேட்டாரா, கேட்காமல் நின்றாரா என்பது தெரியும். ஆகவே கடைசிக் கால்பகுதியையாவது வெட்டாமல் பாருங்கள். உங்கள் நண்பர் குழுவில் திங்கள் மாலை 7 மணி வரை முடிவை யாரும் வாய்விடக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

யார் எடுத்த முடிவு?

"கோச்" என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். ஓர் அணியில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே தாக்குதல், தடுப்பு, சிறப்புப் பிரிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். எந்த நகர்வை ஆடுவது என்பதைச் சில அணிகளில் தலைமைப் பயிற்சியாளரே சொல்கிறார். கான்சஸ் சிட்டியின் ஆண்டி ரீட் அப்படிப்பட்டவர். வேறு சில அணிகளில் அதை ஒருங்கிணைப்பாளர் சொல்கிறார், தலைமைப் பயிற்சியாளர் மேற்பார்வை செய்கிறார். அந்தச் சொல், களத்தில் தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் உள்ள ஒலிபெருக்கிக்குப் போகிறது. நகர்வுக் கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது அந்தத் தொடர்பு தானாகத் துண்டிக்கப்படுகிறது. அதன்பின் எதிரணியின் நிலையைப் பார்த்துக் குவார்ட்டர்பேக் நகர்வை மாற்றினால், அது களத்தில் அவர் எடுத்த முடிவு. எனவே ஒரு நகர்வைக் குறைசொல்லும் முன், அதைச் சொன்னவர் யார், மாற்றியவர் யார், தடுத்திருக்கக்கூடியவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலை இதற்குப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். 28–3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா, நியூ இங்கிலாந்திடம் கூடுதல் நேரத்தில் 34–28 எனத் தோற்றது. 28–20 என்றிருந்தபோது, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதமிருக்க, ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டருகே பிடித்த அற்புதமான பந்தால் அட்லாண்டா எதிரணியின் 22-ஆவது யார்டை, அதாவது அதன் புள்ளிக் கோட்டுக்கு 22 யார்டு தொலைவை, அடைந்தது. மூன்று முறை பந்தோடு ஓடிவிட்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) உதைத்திருந்தால் 31–20 ஆகியிருக்கும். எதிரணிக்கு இரண்டு முறை புள்ளி எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கும். ஒரு முறை ஓடி ஒரு யார்டை இழந்தபின், எறிய முயன்றார்கள். குவார்ட்டர்பேக் மாட் ரயன் வீழ்த்தப்பட்டு 12 யார்டு போயிற்று. அடுத்து ஒரு தண்டனையில் இன்னொரு 10 யார்டு போயிற்று. கடைசியில் பந்தை எதிரணிக்கு உதைத்துவிட வேண்டியதாயிற்று. நகர்வுகளைச் சொன்னவர் அன்றைய தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கைல் ஷானஹன். "ஓடச் சொல்" என்று ஒரே சொல்லில் மாற்றும் அதிகாரம் தலைமைப் பயிற்சியாளர் டான் குவினிடம் இருந்தது. இருவரின் பொறுப்பையும் பிரித்துப் பேசத் தெரிந்தால், அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசலாம்.

நான்காவது டவுன்

பருவம் முழுக்க அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான். 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள்; ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். மூன்றில் முடியவில்லை என்றால், நான்காவதில் பந்தை எதிரணிக்கு உதைத்துவிடலாம் (பண்ட்), தொலைவு சரியாக இருந்தால் 3 புள்ளிக்கு ஃபீல்டு கோல் உதைக்கலாம், அல்லது துணிந்து ஆடலாம். துணிந்து தோற்றால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போகும்.

2024 ஜனவரி 28 அன்று நடந்த என்.எஃப்.சி. (என்.எஃப்.எல்.-இன் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதியாட்டத்தை நிதானமாகப் பாருங்கள். டெட்ராய்ட் இடைவேளையில் 24–7 என்று சான் ஃபிரான்சிஸ்கோவை முந்தியிருந்தது. மூன்றாம் கால்பகுதியில் 24–10 என்றிருந்தபோது, எதிரணியின் 28-ஆவது யார்டில் நான்காவது டவுன், தேவை 2 யார்டு. பயிற்சியாளர் டான் கேம்ப்பெல் ஃபீல்டு கோலை விட்டுவிட்டுத் துணிந்தார்; ஜாஷ் ரெனால்ட்ஸின் கைக்கு வந்த பந்து நழுவியது. பிறகு நான்காம் கால்பகுதியில் 27–24 என்று பின்தங்கியிருந்தபோது, 30-ஆவது யார்டில் தேவை 3 யார்டு. மீண்டும் துணிந்தார், மீண்டும் கைகூடவில்லை. டெட்ராய்ட் 34–31 என்று தோற்றது.

மறுநாள் பலரும் இரண்டையும் ஒரே தவறாகக் கட்டிப் பேசினார்கள். இரண்டும் வெவ்வேறு முடிவுகள். முதலாவதில் அணி 14 புள்ளி முன்னிலையில் இருந்தது. உதைத்து 17 ஆக்கியிருந்தால் எதிரணிக்கு மூன்று முறை புள்ளி எடுக்க வேண்டியிருக்கும் என்பது உதைப்பதற்கான வாதம். இரண்டே யார்டுதான், பருவம் முழுக்க இப்படி ஆடித்தான் இங்கு வந்தோம், எதிரணியின் தாக்குதலை மறுபடி களத்துக்கு வரவிடாமல் வைத்திருப்பதே சிறந்த தற்காப்பு என்பது துணிவதற்கான வாதம். இரண்டாவதில் 3 புள்ளி எடுத்தால் ஆட்டம் சமன். ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் நேரம் இருந்தது. இங்கே உதைப்பதற்கான வாதம் வலுவானது என்பது என் கருத்து. முதல் முடிவையோ நான் சரியென்றே சொல்வேன். அந்த நகர்வு, பந்தைப் பிடிக்க வேண்டியவரைத் தடுப்பாளர்களிடமிருந்து விடுவித்துவிட்டது. பந்து கையில் பட்டது. அதன்பின் நடந்தது பயிற்சியாளரின் முடிவில் அடங்காது. அதற்கு அடுத்த சான் ஃபிரான்சிஸ்கோ தாக்குதலில், டெட்ராய்ட் தடுப்பாளரின் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்த பந்து பிராண்டன் ஐயுக்கின் கையில் போய் 51 யார்டு முன்னேற்றமானதை எந்தப் பயிற்சியாளரும் கணக்கில் வைத்திருக்க முடியாது.

சேப்பாக்கத்து ரசிகர்களுக்கு இந்தப் பிரித்தறிதல் புதிதல்ல. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனியை ஏழாவதாக இறக்கியதைப் பற்றி நாம் பேசியது முழுக்கவும், அந்த நிலையில், அந்த ஆடுகளத்தில், மீதமிருந்த மட்டையாளர்களை வைத்துப் பார்த்தால் அது சரியா என்பதைப் பற்றித்தான். அதே அளவுகோலை இங்கும் எடுத்து வாருங்கள். எத்தனை யார்டு தேவை, களத்தில் எங்கே இருக்கிறோம், புள்ளி வித்தியாசம் என்ன, கடிகாரம் என்ன சொல்கிறது, நம் உதைப்பாளர் அந்தத் தொலைவில் நம்பகமானவரா, எதிரணியின் குவார்ட்டர்பேக் எப்படிப்பட்டவர் ஆகியவற்றைச் சொல்லாமல் நான்காவது டவுனைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள். தொலைக்காட்சியில் காட்டப்படும் வெற்றி வாய்ப்பு விழுக்காட்டையும் ஒரு சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சராசரி அணிகளை வைத்துப் போட்ட கணக்கு. அன்று காயத்தோடு ஆடிய, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடப்பக்க வீரரை அது அறியாது.

கடிகாரம்

ஒவ்வொரு பாதிக்கும் அணிக்கு மூன்று டைம் அவுட். அவற்றைச் செலவிடும் விதத்தில்தான் பயிற்சியாளரின் தயாரிப்பு வெளிப்படுகிறது. என்னைப் பொறுத்தவரை, நான்காவது டவுனைவிட இதுதான் நேர்மையான தேர்வு.

2024 நவம்பர் 28, நன்றி தெரிவிக்கும் நாள் ஆட்டம். சிகாகோ 23–20 என்று டெட்ராய்டிடம் பின்தங்கியிருந்தது, ஆனால் சமன் செய்யும் ஃபீல்டு கோலுக்கு எட்டும் தொலைவுக்கு அருகே வந்துவிட்டது. கையில் ஒரு டைம் அவுட் இருந்தது. அரை நிமிடத்துக்குச் சற்று மேல் நேரம் மீதமிருக்கும்போது குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் வீழ்த்தப்பட்டார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வீரர்கள் எழுந்து வரிசைக்கு வர நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஓரத்தில் நின்ற தலைமைப் பயிற்சியாளர் மாட் எபர்ஃப்ளஸ் டைம் அவுட் கேட்கவில்லை. சில விநாடிகளே மீதமிருந்தபோது அடுத்த நகர்வு தொடங்கியது, தொலைவாக எறிந்த பந்து தரையில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது. டைம் அவுட் செலவாகாமல் அப்படியே இருந்தது. மறுநாளே அவர் நீக்கப்பட்டார். இங்கே விளைவைப் பார்க்காமலேயே முடிவைக் குறைசொல்ல முடியும்: அந்தப் பந்து பிடிபட்டிருந்தாலும் டைம் அவுட்டைப் பயன்படுத்தாதது தவறுதான். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த ஒரு நிமிடக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது 2015 பிப்ரவரி 1 சூப்பர் பௌல். சியாட்டில் நியூ இங்கிலாந்திடம் 28–24 என்று பின்தங்கி, புள்ளிக் கோட்டிலிருந்து ஒரே யார்டில் இருந்தது. இரண்டாவது டவுன், 26 விநாடி, ஒரு டைம் அவுட். பந்தோடு ஓடும் வீரரான மார்ஷான் லிஞ்சிடம் பந்தைக் கொடுக்காமல் எறியச் சொன்னார்கள். மால்கம் பட்லர் இடைமறித்துப் பிடித்தார். பயிற்சியாளர் பீட் கேரலை இன்றுவரை திட்டுகிறார்கள். ஆனால் கடிகாரத்தைக் கணக்கிடுங்கள். ஓடித் தடுக்கப்பட்டால் கடிகாரம் நிற்காது, ஒரே டைம் அவுட்டைச் செலவிட வேண்டும். பந்து பிடிபடாமல் விழுந்தால் கடிகாரம் தானே நிற்கும். மூன்று வாய்ப்புகளையும் முழுதாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் அவற்றில் ஒன்றாவது எறிதலாக இருப்பது நல்லது. ஆகவே "எறிந்ததே தவறு" என்பது பலவீனமான வாதம். "கூட்டம் மிகுந்த நடுப்பகுதிக்குள், தடுப்பாளர் குறுக்கே பாயக்கூடிய கோணத்தில் எறிந்தது தவறு" என்பது வலுவான வாதம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரை உங்கள் குழுவில் விட்டுவிடாதீர்கள்.

பேசும் முறை

ஆட்டம் பார்க்கும்போது கைபேசியில் ஒரு குறிப்பை வைத்துக்கொள்ளுங்கள். சர்ச்சைக்குரிய முடிவு வந்தவுடன், நகர்வு தொடங்கும் முன்பே, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் இதைச் செய்தால், நம் கருத்துகளில் எத்தனை விளைவைப் பார்த்தபின் முளைப்பவை என்பது தெரியவரும். நண்பர்களும் அவ்வாறே எழுதிவந்தால், திங்கள் மாலைப் பேச்சு அந்த வரிகளிலிருந்து தொடங்கலாம்.

தரமணி டீக்கடை ஒன்றில் இரண்டு பேர் பேசுவதை எண்ணிப்பாருங்கள். "அண்ணே, மூணாவது குவார்ட்டர்ல அந்த ஆளு ஏன்ணே பண்ட் பண்ணாரு, சுத்த வேஸ்ட்டு" என்கிறார் இளையவர். "எத்தனை யார்டுப்பா வேணும்?" என்கிறார் மூத்தவர். "எட்டு இருக்கும்ணே." "நம்ம பக்கம் எத்தனாவது யார்டு?" "முப்பதுக்குள்ள." "அப்போ நீ பண்ணிருப்பியா?" இளையவர் யோசிக்கிறார். இந்த யோசனைதான் வேண்டும். அமெரிக்காவில் இருந்து வந்தவர் என்பதற்காக ஒருவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. புதியவர் என்பதற்காக ஒருவரின் கேள்வியைத் தள்ளிவிடவும் கூடாது. யார்டும் கடிகாரமும் இருவருக்கும் பொதுவானவை.

புதன் முதல் வெள்ளி வரை அணிகள் வெளியிடும் காய அறிக்கையைப் பார்த்துவிட்டு ஞாயிறு ஆட்டத்துக்கு உட்காருங்கள். ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு ஆடாதவர் பட்டியல் வந்துவிடும். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முக்கிய வீரர் இருவர் இல்லாத அணியின் பயிற்சியாளர் ஏன் பந்தைச் சீக்கிரமாக எறியச் சொன்னார் என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.

நீக்கு என்று சொல்வதற்கு முன்

பருவத்தின் நடுவே ஒருவரை நீக்கினால் அணி நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. 2024 அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸ், 2–3 (2 வெற்றி, 3 தோல்வி) என்றிருந்த நிலையில் ராபர்ட் சாலேவை நீக்கியது. பருவத்தை 5–12 என்று முடித்தது. மறுபுறம் அதே டான் கேம்ப்பெல் டெட்ராய்டில் முதல் பருவமான 2021-இல் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன். 2022-ஐ 1–6 என்று தொடங்கினார். அன்று நீக்கச் சொன்னவர்கள் ஏராளம். அந்தப் பருவத்தை 9–8 என்றும், அடுத்ததை 12–5 என்றும் முடித்து, நாம் மேலே பேசிய இறுதியாட்டத்துக்கு அணியைக் கொண்டுவந்தார். எனவே ஒரு பயிற்சியாளரை நீக்க வேண்டும் என்று வாதிடுவோர், அவர் தோற்ற ஆட்டங்களின் எண்ணிக்கையைக் காட்டினால் போதாது. வாரத்துக்கு வாரம் திரும்ப வரும் ஒரே வகைத் தவறைக் காட்ட வேண்டும். வீணான டைம் அவுட், தேவையற்ற தண்டனைகள், இடைவேளைக்குப் பிறகு எதிரணியின் மாற்றத்துக்குப் பதில் இல்லாமை போன்றவை அத்தகையவை. இளம் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு, ஓட்டையான முன்வரிசையோடு தோற்பது வேறு வகை. அதில் வீரர்களைத் தேர்ந்தெடுத்த பொது மேலாளருக்கும் பங்குண்டு.

ஜனவரி வந்தபின் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். 2024 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனபோது, இரண்டு அணிகளுக்கும் பந்து கிடைக்கும் என்ற புதிய பிளேஆஃப் விதி முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. நாணயச் சுண்டலில் வென்ற சான் ஃபிரான்சிஸ்கோ முதலில் பந்தைக் கேட்டு 3 புள்ளி எடுத்தது. தனக்கு என்ன தேவை என்று தெரிந்து ஆடிய கான்சஸ் சிட்டி டச்டவுன் அடித்து (பந்தை எதிரணியின் புள்ளிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசென்று) 25–22 என்று வென்றது. இரு அணிகளும் ஒரு முறை ஆடியும் சமனாக இருந்தால், மூன்றாவது முறை பந்து தங்களுக்கு வர வேண்டும் என்பதே அப்போது சான் ஃபிரான்சிஸ்கோவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஷானஹனின் கணக்கு; அது அறிவற்ற கணக்கும் அல்ல. ஆனால் அந்த விதி தங்களுக்கு விளக்கப்படவில்லை என்று அவர் அணி வீரர்கள் சிலர் பிறகு சொன்னார்கள். கான்சஸ் சிட்டியோ அதற்கென்றே பயிற்சி செய்திருந்தது. சூப்பர் பௌல் நமக்குத் திங்கள் காலை 5 மணிக்குத் தொடங்குகிறது. விடுப்புக்கு விண்ணப்பிக்கும் அன்றே, உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் நாணயத்தில் வென்றால் பந்தை வாங்குவார்களா, கொடுப்பார்களா என்பதைக் காரணத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.